கீழ்த்தளத்தில் பிள்ளைகளுக்கும் ஒரு நேரம்: நகர மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் எங்கள் பேட்டையைப் பராமரிக்கும் நகர மன்றத்தினருக்கு வணக்கம்.

போன மாதம் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் அடியில் வீடுகள் இல்லாமல் திறந்து கிடக்கும் கீழ்த்தளத்தில் புதிதாக இரண்டு பலகைகள் மாட்டியிருக்கிறீர்கள். ஒன்றில் சைக்கிள், இன்னொன்றில் பந்து, இரண்டின் மேலும் சிவப்புக் கோடு. இதையே சொல்லும் பழைய பலகை மின்தூக்கிப் பக்கத்தில் இருக்கும்போதே புதிதாக மாட்டியதால், யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டோம். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. இரண்டாம் மாடியில் இருப்பவருக்குக் கீழே தூணில் பந்து மோதும் ஒவ்வொரு சத்தமும் தலைக்குள் கேட்கும். கைத்தடியோடு வரும் பாட்டிக்கு முன்னால் தூண் மறைவிலிருந்து ஒரு சைக்கிள் பாய்ந்தால், விழுந்தவர் எழுந்து நடக்க மாதக்கணக்காகும். அந்தப் பயம் நியாயமானது.

ஆனால் பலகை ‘இங்கே கூடாது’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. அப்படியானால் எங்கே என்று கேட்பது தொடக்கநிலை 2 படிக்கும் என் மகள். எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால் உங்களிடம் கேட்கிறேன்.

சைக்கிள் பாதை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பூங்கா இணைப்புப் பாதைகளே தீவு முழுக்க 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகின்றன. 2030க்குள் சைக்கிள் பாதைக் கட்டமைப்பை 1,300 கிலோமீட்டராக்கத் திட்டமும் இருக்கிறது. நல்ல வேலை, பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பாதைகளில் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர். மாலை ஆறரை மணிக்கு அங்கே போய் நின்று பாருங்கள். உணவு விநியோக ஊழியர்களின் மின்சைக்கிள்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் போகும். அவர்களைக் குறை சொல்ல வாயில்லை. மின்சைக்கிளை நடைபாதையில் ஓட்டக்கூடாது என்பது சட்டம், சோறு ஆறுவதற்குள் அவர்கள் போயாக வேண்டும். இன்னும் பிரேக்கைக் குனிந்து பார்த்துப் பிடிக்கிற பிள்ளையை அந்த வரிசையில் எப்படி விடுவது?

சரி, நடைபாதை? அங்கே மணிக்கு 10 கிலோமீட்டருக்குள் சைக்கிள் ஓட்டலாம். ஆனால் சைக்கிள் பாதையை ஒட்டிப் பாதசாரிகளுக்கென்றே ஒதுக்கிய பாதைகளில் 2025 ஜூலை 1 முதல் சைக்கிளுக்கு இடமில்லை. நடப்பவர்களுக்கும் நிம்மதி வேண்டும் என்பதால் அதையும் நான் எதிர்க்கவில்லை. எங்கள் புளோக் வாசலில் இருப்பது அந்த வகைப் பாதை, அவ்வளவுதான்.

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குக் கூட்டிப் போகச் சொல்பவர்களும் உண்டு. மடக்க முடியாத சைக்கிளை எம்ஆர்டி ரயிலில் ஏற்ற முடியாது. அங்கே போய் வாடகைக்கு எடுக்கலாம், எடுத்திருக்கிறோம். ஆனால் அது உல்லாசப் பயணம். வீட்டுப்பாடம் முடித்துவிட்டு அரை மணி நேரம் கீழே போய் வருவதற்கு அது ஈடாகாது. சைக்கிள் பழக ஒரு பிள்ளைக்கு வேண்டியதெல்லாம் சமதளம், மழைக்கு ஒரு கூரை, கார் வராத இடம், கூப்பிடு தூரத்தில் ஒரு பெரியவர். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய கீழ்த்தளத்தில் இது அத்தனையும் இருக்கிறது.

பலகை மாட்டிய வாரத்தில் ஒரு மாலை கீழே போனேன். சில பையன்கள் பந்தில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். சத்தம் வராதாம். கோல் கம்பத்துக்குத் தூணை விட்டுவிட்டு இரண்டு பள்ளிப்பைகளை வைத்திருந்தார்கள். ஒருவன் மின்தூக்கி அருகே காவல் நின்றான். வயதானவர் யாராவது வந்தால் கையைத் தூக்குவான், ஆட்டம் நிற்கும், அவர் போனதும் தொடரும். யாரும் சொல்லித் தராமல் அவர்களே செய்துகொண்ட ஏற்பாடு இது. உங்கள் பலகையைவிட இது நன்றாக வேலை செய்கிறது என்பது என் கருத்து.

கீழ்த்தளத்தை நேரம் பிரித்துக் கொடுப்பது உங்களுக்கும் புதிதல்லவே. ஒரு வாரம் மலாய்க் கல்யாணம், அடுத்த வாரம் ஒரு சீனக் குடும்பத்தின் இறுதிச் சடங்கு, இன்னொரு நாள் நம்மவர் வீட்டுத் துக்கம். எல்லாவற்றுக்கும் நீங்களே அனுமதி கொடுக்கிறீர்கள். அந்தச் சத்தத்தை யாரும் பெரிதுபடுத்துவதில்லை, எப்போது முடியும் என்று எல்லாருக்கும் தெரியும். பள்ளித் திடல்களும் இப்படித்தான், பள்ளி நேரம் போக மற்ற நேரத்தில் பல பள்ளிகள் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகின்றன. பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் ஏன் முழுத் தடை? 2016இல் குவீன்ஸ்டவுனின் மெய் லிங் ஸ்திரீட்டில் ஒரு புளோக்கில் பந்து ஆடாமலிருக்கக் கீழ்த்தளத்தின் நடுவே இரும்புத் தடுப்பே போட்டார்கள். நாடே பேசியது. நீங்கள் பலகையோடு நிறுத்தியதற்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

இன்னொரு பக்கம், பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணி நேரமாவது வெளிப்புறத்தில் விடுங்கள் என்று சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்கிறது. தொடக்கநிலை 6க்குள் சுமார் 65 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்துவிடுகிற ஊர் இது. என் மகளும் கண்ணாடி போட்டுவிட்டாள். கீழ்த்தளம் நிழல்தானே என்று நீங்கள் கேட்கலாம். முதலில் கீழே இறங்கினால்தான் அப்புறம் வெயிலுக்குப் போவாள்.

நாங்கள் கேட்பது இதுதான். வாரநாள்களில் மாலை 5 முதல் 6.30 வரை, 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும், மின்தூக்கிக்கு எதிர்ப்புறத்தில் கோடு போட்ட ஒரு பகுதி. சின்னச் சக்கர சைக்கிள், மென்பந்து. பெற்றோர் ஒருவர் எப்போதும் அங்கே இருப்பார், அந்த முறையை நாங்கள் போட்டுக்கொள்கிறோம். ஜூன் விடுமுறையில் மட்டும் சோதித்துப் பாருங்கள். புகார் கூடினால் கோட்டை அழித்துவிடலாம்.

இரண்டாம் மாடியில் இருப்பவர்களிடம் நானே போய்ப் பேசுகிறேன். யாராவது இரவு வேலை பார்த்துவிட்டு மாலையில் தூங்குபவராக இருந்தால் நேரத்தை மாற்றிக்கொள்வோம். உங்கள் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேருங்கள், நாலைந்து பெற்றோர் வந்து பேசத் தயாராக இருக்கிறோம். மாலை ஏழரைக்கு மேல் என்றால் எல்லாருக்கும் வசதி.

இப்படிக்கு,
பத்தாவது மாடியில் வசிக்கும் ஒரு தகப்பன்