கோழிகமுத்தி யானைகள் முகாமில் மலசர் மக்களுக்குப் பொறுப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில், டாப்சிலிப்பை அடுத்துள்ள கோழிகமுத்தி யானைகள் முகாமை மேம்படுத்த 2023ஆம் ஆண்டில் தமிழக அரசு 5 கோடி ரூபாய் அறிவித்தது. முதுமலையின் தெப்பக்காடு, கோழிகமுத்தி ஆகிய யானைகள் முகாம்களில் பணிபுரியும் 91 பேருக்குத் தலா ஒரு லட்சம் ரூபாயும், அவர்களுக்கு வீடு கட்ட 9.10 கோடி ரூபாயும் அப்போதே அறிவிக்கப்பட்டன. மனதார வரவேற்க வேண்டிய அறிவிப்புகள் இவை. ஆனால் முகாமைப் பார்க்க வருவோரை வழிநடத்தும் பொறுப்பும், அவர்கள் செலுத்தும் கட்டணத்தில் உரிய பங்கும், அதைச் செலவிடும் முடிவும் அங்கேயே வாழ்ந்து யானைகளைப் பராமரிக்கும் மலசர் பழங்குடி மக்களிடம் இருக்க வேண்டும் என்று வலியுறுத்தவே இதை எழுதுகிறேன்.

அங்கு யானைகளுக்கு உணவு கொடுக்கும் நேரத்தில் சற்று நின்று கவனித்தவர்களுக்கு இந்தக் கோரிக்கையின் நியாயம் புரியும். வேகவைத்த கேழ்வரகையும் கொள்ளையும் சோற்றோடு பிசைந்து, வெல்லமும் உப்பும் சேர்த்துப் பெரிய உருண்டையாக்கி, பாகனோ அவருக்கு உதவியாளரான காவடியோ யானையின் வாய்க்குள் தம் கையாலேயே வைக்கிறார். எந்த யானைக்கு இன்று பசி குறைந்திருக்கிறது, எதற்கு மதக்குறி தெரிகிறது, எதன் அருகில் அந்நியர் நிற்கக் கூடாது என்பதெல்லாம் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்து சேர்ந்த அறிவு. வருகிறவர் காசு கொடுத்துக் காண வேண்டியது இந்த அறிவைத்தான். யானையின் முதுகில் ஏறிச் சவாரி செய்வதையோ, அதன் தும்பிக்கையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்வதையோ அல்ல.

இது நடக்காத காரியம் என்று சொல்வோர், டாப்சிலிப்பைத் தாண்டிச் சாலை போகும் பரம்பிக்குளத்தைப் பார்க்கட்டும். கேரளத்தின் அந்தக் காப்பகத்தில் காடர், மலசர், மலைமலசர், முதுவர் மக்களைக் கொண்ட சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் வழியாகவே சுற்றுலா நடைபெறுகிறது. உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் யாரும் காட்டுக்குள் செல்ல முடியாது. எத்தனை வண்டிகளை அனுமதிப்பது என்பதற்கும் வரம்பு உண்டு. ஒரே மலை, ஒரே மக்கள், நடுவே மாநில எல்லை மட்டும்தான். சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது: உள்ளூர் மக்களின் பங்கேற்புடன் சூழல் சுற்றுலாவை வளர்ப்பதைப் புலிகள் பாதுகாப்பு அறக்கட்டளைகளின் நோக்கங்களுள் ஒன்றாக வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 38-எக்ஸ் பிரிவே கூறுகிறது.

யானைகளுக்கென்றே இப்படி நடக்கும் இடமும் உண்டு. கென்யாவின் சம்புரு பகுதியில் 2016இல் தொடங்கப்பட்ட ரெடெட்டி யானைகள் சரணாலயம் அங்குள்ள சம்புரு மக்களுக்கே சொந்தமானது. கிணற்றில் விழுந்தும் வறட்சியில் தாயை இழந்தும் தவிக்கும் குட்டிகளை அவர்களே, பெண்கள் உட்பட, வளர்த்து மீண்டும் காட்டில் விடுகிறார்கள். குட்டிகளுக்குப் பால்மாவு கரைத்துக் கொடுத்த காலம் போய், இப்போது சுற்றுவட்டாரப் பெண்கள் வளர்க்கும் ஆடுகளின் பாலை விலைக்கு வாங்கி ஊட்டுகிறார்கள். யானைக்குட்டி பிழைத்தால் ஆடு மேய்க்கும் பெண்ணின் வீட்டுக்கும் வருமானம் வருகிறது என்ற அந்த ஏற்பாடு, எந்த விழிப்புணர்வுப் பலகையையும்விட வலிமையானது என்றே நான் கருதுகிறேன்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சுற்றுலா வருமானத்தைக் காட்டி அரசு தன் ஒதுக்கீட்டைக் குறைத்துவிடக் கூடாது. காட்டுத்தீ அபாயம் உள்ள கோடையிலும், பெருமழையிலும், கொரோனா போன்ற நெருக்கடியிலும் சுற்றுலா நின்றுபோகும். யானையின் பசி நிற்காது. 2023 மார்ச்சில் வனத்துறையின் அணிவகுப்பு மரியாதையோடு ஓய்வு பெற்ற கலீம் என்ற கும்கி யானையைப் போன்ற முதிய யானைகளுக்கு இறுதிவரை தீவனமும் மருத்துவமும் அரசின் கடமையாகவே இருக்க வேண்டும். பார்வையாளர் கட்டணம் அதற்கு மேல் வரும் பணமாக, குடியிருப்பின் பிள்ளைகளது படிப்புக்கும், பாகன், காவடியரின் காப்பீட்டுக்கும், சமையலும் வழிகாட்டுதலும் செய்யும் பெண்களின் ஊதியத்துக்கும் பயன்பட வேண்டும்.

ஆகவே, கோழிகமுத்தி குடியிருப்பு மக்களின் கூட்டத்தைக் கூட்டி, ஆண்களும் பெண்களும் சம அளவில் உள்ள குழுவொன்றை வனத்துறை அமைக்க வேண்டும். நாளொன்றுக்கு எத்தனை பேரை அனுமதிப்பது, யானைகளுக்கு எந்த நாள்களில் ஓய்வு அளிப்பது என்பதைக் கால்நடை மருத்துவரின் ஆலோசனையோடு அக்குழுவே முடிவு செய்ய வேண்டும். வரவு செலவுக் கணக்கை மாதந்தோறும் முகாம் வாசலில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாக அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பொள்ளாச்சி.