மைக்கேல் பிரெக்கரின் சாக்சபோன்

ஆசிரியருக்கு,

ராக் பாடல்களுக்கு வாசிப்பதை ஜாஸ் கலைஞர்களின் வயிற்றுப்பிழைப்பு என்று ஒதுக்குவது பொருத்தமன்று. 1949-இல் பிறந்த அமெரிக்க டெனர் சாக்சபோன் கலைஞர் மைக்கேல் பிரெக்கர், அண்ணன் ராண்டியுடன் நடத்திய பிரெக்கர் பிரதர்ஸ் குழுவின் முதல் தொகுப்பு 1975-இல் வெளிவந்த காலத்திலேயே, பாடகர்கள் பால் சைமன், ஜேம்ஸ் டெய்லர் ஆகியோரின் பாடல்களிலும் சில நொடிகளே நீளும் தனிவாசிப்பால் தம் முத்திரையைப் பதித்தவர். வேகமான வாசிப்புக்குப் பெயர்பெற்ற ஜாஸ் சாக்சபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனைக் கேட்டு வளர்ந்தவர், தம் வேகத்தை அடக்கிக்கொண்டு பாடகருக்கு வழிவிட்டு வாசித்தார். அதுவே கடினமான வித்தை என்பேன். தம் பெயரில் முதல் தொகுப்பை 1987-இல், நாற்பதை நெருங்கும் வயதில்தான் வெளியிட்டார். 2007 ஜனவரியில் அவர் மறைந்தபின் வெளியான இறுதித் தொகுப்பும் கிராமி விருது பெற்றது.

இப்படிக்கு,
இசை ஆர்வமுள்ள வாசகர்