பதினொரு பாதம்

காளத்தி,
ஞாயிறு ராத்திரி

அடியே வாலு,

ஆறு மாசமா ஒரு வரி இல்லைன்னு திட்டுவே, திட்டு. மாமனார் போய் நாப்பது நாளாச்சு. போன்ல சொல்ல மனசு வரலை. பிள்ளைங்க சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா?

நேத்து பரண்ல இருந்து அவரோட தகரப்பெட்டியை இறக்கினோம். உள்ளே பூரா காகிதம், எல்லாம் பேனா மையில போட்ட சாமி படம். 1950கள்ல, கைவினைகளுக்காகப் பாடுபட்ட கமலாதேவி சட்டோபாத்யாய் முயற்சியால, துணியில கையால படம் வரையற கலம்காரிக்கு இங்க பயிற்சி மையம் வந்துச்சே, அங்க பழகின கை.

கல்யாணமாகி வந்ததுல இருந்து அவர் துணியில வரையறதைத்தான் பார்த்திருக்கேன். புளியங்குச்சிக் கரியால லேசா ஒரு கோடு, உடனே கலம், அதான் அந்த மூங்கில் பேனா. தயங்கினதே இல்லை. தயங்கவும் முடியாதுடி. துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்து தோய்ச்சிருப்பாங்க. துருப்பிடிச்ச இரும்பையும் வெல்லத்தையும் ஊறப்போட்ட தண்ணிதான் மை. கடுக்காய்த் துவர்ப்புல பட்டதும் கறுத்துடும், பால் இருக்கிறதால பரவாது, துவைச்சாலும் போகாது.

தயக்கமெல்லாம் பெட்டிக்குள்ள இருந்திருக்கு. ஒரு தாள், மளிகை ரசீதோட பின்பக்கம். நம்ம கண்ணப்பர். ரெண்டாவது கண்ணையும் தோண்டினா சாமியோட கண் எங்கேன்னு தெரியாதே, அதுக்காகக் காலை அடையாளமா ஊன்றுறார். அந்தப் பாதம் மட்டும் பதினொரு தடவை! கட்டைவிரல் அழுந்தினா மிதிக்கிற மாதிரி இருக்கு, தளர்ந்தா தடுமாறுற மாதிரி. பத்துக்கும் பக்கத்துல தெலுங்குல ‘காது’ன்னு எழுதியிருக்கார், இது இல்லை, இது இல்லைன்னு. கடைசிப் பாதத்துக்குப் பக்கத்துல எழுத்தே இல்லை. குதிகால் நெல்லளவு தூக்கியிருக்கு. தொட்டுத் தேடுற கால்டி அது. நான் அப்படியே உட்கார்ந்துட்டேன்.

கொழுந்தன் எடைக்குப் போடலாங்கிறார். வரைஞ்ச துணி எல்லாம் எப்பவோ வித்தாச்சு, வீட்டுல ஒண்ணுகூட இல்லை. இதையும் போட்டுட்டா அவர் கை எங்கே இருக்கும்? சண்டை போட்டு என் பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். ஆனா ஓரமெல்லாம் கரையான் அரிச்சிருக்கு. தொட்டா உதிருது.

நீ லைப்ரரியில பழைய தாளை எல்லாம் பார்த்துக்கிறவ. கரையானுக்கு நான் எதையாவது தெளிச்சுக் கெடுக்கிறதுக்குள்ள வா. ரேணிகுண்டா வரைக்கும் ரயில், அங்கிருந்து பஸ். லீவு இல்லைன்னு கதை விடாதே, மச்சான் திருப்பதி போனப்ப மட்டும் எங்கிருந்து வந்துச்சு?

அந்தக் குதிகாலை நீயும் பார்க்கணும். டிராயிங் சார்கூட பத்துக்குப் பத்து போட்டிருப்பார்.

உன்
குட்டச்சி