காலநிலை விவாதமும் கம்பனிகளின் பணமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

காலநிலை மாற்றம் உண்மையா பொய்யா என்ற கேள்வியை எமது பத்திரிகைகள் இன்றும் இரு தரப்பு வாதமாகவே பிரசுரித்து வருகின்றன. இரு தரப்பையும் கேட்பது பத்திரிகைத் தர்மமே. ஆயினும் பேசுபவருக்குப் பணம் கொடுப்பவர் யார் என்பதை வாசகருக்கு அறிவிப்பதும் அதே தர்மத்தில் அடங்கும்.

எக்ஸோன் எண்ணெய்க் கம்பனியின் விஞ்ஞானியான ஜேம்ஸ் பிளாக், எரிபொருள் எரிப்பதால் பூமி வெப்பமடையும் என்பதை 1977 இலேயே தமது நிர்வாகத்துக்கு எடுத்துரைத்தார். அக்கம்பனிக்குள் தயாரிக்கப்பட்ட வெப்பநிலைக் கணிப்புகளிற் பெரும்பாலானவை பின்னர் நடந்தவற்றுடன் பொருந்தியதை, 2023 இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வு காட்டியது. உள்ளே இவ்வளவும் தெரிந்திருந்தும், எண்ணெய், நிலக்கரி, மோட்டார் வாகனக் கம்பனிகள் 1989 இல் ஒரு கூட்டமைப்பை நிறுவி, விஞ்ஞானம் இன்னும் முடிவாகவில்லை என்ற ஐயத்தைப் பத்தாண்டுகளுக்கு மேலாகப் பரப்பின. அமெரிக்க செனட் சபை 1997 இல், வளர்முக நாடுகளைக் கட்டுப்படுத்தாத எந்தக் காலநிலை உடன்படிக்கையிலும் கைச்சாத்திடக் கூடாதென 95 - 0 என்ற வாக்குகளால் தீர்மானித்தது. வளர்ந்த நாடுகள் தமது புகை வெளியேற்றத்தைக் குறைக்க வேண்டுமெனக் கோரிய கியோட்டோ உடன்படிக்கையை ஜனாதிபதி புஷ் 2001 இல் கைவிட்டார். விவாதம் என்ற பெயரில் அக்கம்பனிகளுக்குத் தேவைப்பட்டது காலதாமதமே. அது அவற்றுக்குத் தாராளமாகவே கிடைத்தது.

எமது அரசியல்வாதிகளோ சர்வதேச மாநாடுகளில் காலநிலைப் பாதிப்புகளுக்கு இழப்பீடு கோருகிறார்கள். கோரிக்கை நியாயமானது, உலகப் புகையில் எமது பங்கு மிகச் சொற்பம். ஆனால் ஈரநிலங்களைப் பாதுகாக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ் 2018 இல் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்ட கொழும்பிலேயே, கட்டட இடிபாடுகளைக் கொட்டிச் சதுப்பு நிலம் நிரப்பப்படுவதைப் பற்றி அதே வாய்கள் பேசுவதில்லை. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருக்கெடுத்தபோது வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பகுதி வீடுகளுக்குள் புகுந்த நீர் நாட்கணக்கில் வடியவில்லை. அந்நீர் தங்க வேண்டிய தாழ்நிலங்களை நிரப்ப அனுமதித்தவர் யார், அதனால் இலாபமடைந்த கம்பனி எது என்று எந்த வேட்பாளரிடமும் கேட்கப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

கேட்பதற்கு இப்போது சட்டமும் துணை நிற்கிறது. 2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டத்தின்படி, வேட்பாளர்கள் தமக்குக் கிடைத்த நன்கொடைகளையும் செய்த செலவுகளையும் அறிக்கையாகச் சமர்ப்பிக்க வேண்டும். எரிபொருள், நிர்மாணத் துறைக் கம்பனிகளிடமிருந்து யார் யார் எவ்வளவு பெற்றார்கள் என்பதை அவ்வறிக்கைகளில் தேடி வெளியிடுமாறும், காலநிலை பற்றிய வெளிநாட்டுக் கட்டுரைகளைப் பிரசுரிக்கும்போது எழுதியவர் சார்ந்த நிறுவனத்துக்கு நிதி வழங்குவோர் யாரெனக் கட்டுரையின் கீழேயே ஒரு வரி சேர்க்குமாறும் தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு - 06.