நிரலை ஓட்டுவதற்கு முன்

அன்புள்ள மகனுக்கு,

நீ நிரல் எழுதி உண்டாக்கி அனுப்பிய ஒலிக்கோப்பை மூன்று முறை கேட்டேன். முதல் முறை உன் தாயாகக் கேட்டேன். அடுத்த இரண்டு முறையும், பல ஆண்டுகளாக நிரல் எழுதி ஒலியை உண்டாக்கிப் பார்த்து வருகிறவளாகக் கேட்டேன். அதில் ஒவ்வொரு சுரமும் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் ‘டக்’ என்று ஒரு சத்தம் வருகிறது. ஹெட்போன் பழுதாகிவிட்டதோ என்று கேட்டிருக்கிறாய். பழுது ஹெட்போனில் இல்லை, நிரலில் இருக்கிறது. உனக்கு நான் சொல்ல விரும்புவதெல்லாம் அந்தச் சத்தத்தை விளக்கினாலே வந்துவிடும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கணினிக்கு ஒலி என்பது எண்களின் வரிசை. நொடிக்கு 44,100 எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறி, ஹெட்போனின் சவ்வை முன்னும் பின்னும் நகர்த்துகின்றன. சீரான வளைவாக ஏறி இறங்கும் சைன் அலையை நீ அதன் ஓட்டத்தின் நடுவே சட்டென்று நிறுத்துகிறாய். ஓர் எண் 0.8 ஆக இருக்க, அடுத்தது பூஜ்யமாகிவிடுகிறது. அப்படிப்பட்ட தாவலில் மிகப் பரந்த அளவிலான அதிர்வெண்கள் ஒரே கணத்தில் கலந்திருக்கும், ஆகவே காது அதைத் தட்டல் ஓசையாகக் கேட்கிறது. வீச்சை, அதாவது அலையின் உயரத்தை, பூஜ்யத்திலிருந்து 5 மில்லி நொடிகளில் மேலேற்றி, முடிவிலும் அதேபோல் இறக்கினால், அதாவது ஏறக்குறைய 220 எண்களுக்கு ஒரு சிறு சரிவு கொடுத்தால், சத்தம் மறைந்துவிடும். காலப்போக்கில் வீச்சு ஏறி இறங்கும் இந்த வடிவத்தைத்தான் என்வலப் என்கிறார்கள். இப்போது அந்த 5 மில்லி நொடியை 300 ஆக நீட்டினால் என்ன ஆகும்?

உடனே நீட்டிப் பார்க்காதே. ஒரு குறிப்பேட்டைத் திறந்து, எப்படிக் கேட்கும் என்று நீ நினைக்கிறாயோ அதை ஒரே ஒரு வரியில் எழுது, பிறகு ஓட்டு, எழுதியதற்கும் கேட்டதற்கும் வேறுபாடு இருந்தால் அதையும் பக்கத்தில் எழுது. நான் உனக்குச் சொல்ல விரும்பும் பயிற்சி இது ஒன்றுதான். ஒலியை வடிவமைப்பவனுக்கு வேண்டியது, எண்ணைப் பார்த்ததும் ஒலி மனத்தில் கேட்பதும், ஒலியைக் கேட்டதும் எண் மனத்தில் தோன்றுவதும் ஆகும். நிரலை ஓட்டி ஓட்டிப் பார்ப்பதால் மட்டும் அது வருவதில்லை. நான் முதல் இரண்டு ஆண்டுகள் ஆயிரக்கணக்கான முறை எண்களை மாற்றிக் கேட்டேன். நன்றாக இருந்ததை வைத்துக்கொண்டு, இல்லாததை அழித்தேன். அதனால் என்னிடம் கோப்புகள் சேர்ந்தன, காது வளரவில்லை.

கணினி இசையின் தொடக்க காலத்தில் இந்தப் பயிற்சியைக் காலமே கட்டாயமாக்கியது. 1957ஆம் ஆண்டு பெல் ஆய்வகத்தில் மேக்ஸ் மேத்யூஸ் எழுதிய நிரல் ஐபிஎம் 704 கணினியில் ஓடி 17 நொடி இசையை உண்டாக்கியது. கணினி நியூயார்க்கில் இருந்தது. கணக்கிட்ட எண்களைக் காந்த நாடாவில் பதிந்து, நியூ ஜெர்சியில் இருந்த ஆய்வகத்துக்கு எடுத்து வந்து, அங்கே ஒலியாக மாற்றிய பிறகே கேட்க முடிந்தது. அத்தனை நேரம் காத்திருக்கிறவர் என்ன வரப்போகிறது என்று எண்ணாமல் இருந்திருக்க முடியாது. உன் லேப்டாப்பில் விசையை அழுத்திய கணமே ஒலி வந்துவிடுகிறது. அது பெரும் பேறுதான், ஆனால் அந்த இடைவெளியை நீயாகவே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எந்த நிரல் மொழியில் தொடங்குவது என்று கேட்டிருந்தாய். உலாவியிலேயே ஓடும் பி5.ஜேஎஸ் உனக்கு ஏற்கெனவே பழக்கம், அதிலேயே தொடங்கு; ஒலிக்குள் ஆழமாகப் போகத் தோன்றும்போது ஒலிக்கென்றே உருவான சூப்பர்கொலைடருக்கு மாறிக்கொள்ளலாம். பெட்டிகளைக் கோடுகளால் இணைத்துச் சிந்திக்கப் பிடித்தால் பியூர் டேட்டா இருக்கிறது. இதில் இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. இறக்கி வைத்திருக்கும் ஆயத்த ஒலித்துண்டுகளை மட்டும் சில மாதங்களுக்குத் தொடாதே. ஒலி எங்கிருந்து பிறக்கிறது என்பதை அவை உனக்குக் காட்ட மாட்டா.

முதலில் மிக எளிய ஒன்றைச் செய்து பார். 220, 330, 440, 550, 660 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு அத்தனை அதிர்வுகளில், ஐந்து சுரங்களை வரிசையாக ஒலிக்க விடு. ஒவ்வொன்றுக்கும் 110 கூட்டியிருப்பதால் படிகள் சமமாகக் கேட்கும் என்றுதான் உன் குறிப்பேட்டில் எழுதுவாய். நானும் அப்படித்தான் எழுதினேன். கேட்கும்போதோ படிகள் மேலே போகப் போகச் சுருங்கும். காது சுருதிகளைக் கூட்டல் வேறுபாட்டால் அளப்பதில்லை, விகிதத்தால் அளக்கிறது. 220இலிருந்து 440க்குப் போவதும் 440இலிருந்து 880க்குப் போவதும் அதற்கு ஒரே தூரம், ஒரு ஸ்தாயி. ஒரு ஸ்தாயிக்குள் சமமான பன்னிரண்டு படிகள் வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 1.0595ஆல் பெருக்க வேண்டும். இதைப் பாடநூலில் படித்திருப்பாய். தன் கணிப்பு பொய்த்துக் கற்றவன் மறப்பதில்லை.

அடுத்து, ஒரு சைன் அலையின் அதிர்வெண்ணை இன்னொரு சைன் அலையால் ஆட்டு. நொடிக்கு 5 முறை ஆட்டினால் குரல் நடுங்குவதுபோல் வைப்ரட்டோ கேட்கும். ஆட்டத்தின் வேகத்தை மெல்ல மெல்ல உயர்த்திக்கொண்டே போ. 20 ஹெர்ட்ஸைத் தாண்டிய பிறகு ஓரிடத்தில் நடுக்கம் காணாமல் போய், ஒலியின் நிறமே மாறிவிடும். 1967இல் ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கண்டது இதைத்தான். அவர் இசையமைப்பாளர், இதைச் சமன்பாட்டில் தேடிக் கண்டுபிடிக்கவில்லை, வைப்ரட்டோவை மிகையாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் காதில் விழுந்தது, விளக்கம் பிறகு வந்தது. பின்னர் யமஹா நிறுவனம் அதற்கு உரிமம் பெற்று, 1983இல் டிஎக்ஸ்7 என்னும் மின்னணு இசைக்கருவியாக உலகெங்கும் கொண்டுசென்றது. இரண்டு அதிர்வெண்களின் விகிதம் முழு எண்களாக இருந்தால் ஒலி சுருதியோடு நிற்கும், 1க்கு 1.4 என்று வைத்து, வீச்சையும் ஆட்டத்தின் ஆழத்தையும் சேர்த்து மெல்லத் தேய விட்டால் மணியோசை பிறக்கும்.

எனக்கு எல்லாவற்றிலும் நெருக்கமானது மீட்டிய கம்பி. கெவின் கார்ப்லஸும் அலெக்ஸ் ஸ்ட்ராங்கும் 1983இல் வெளியிட்ட முறை அது. 200 எண்கள் கொண்ட ஒரு பட்டியலை எடுத்து, −1க்கும் 1க்கும் இடையில் மனம்போன எண்களால் நிரப்பு. அது வெறும் இரைச்சல். அதைச் சுழற்சியாக வாசித்துக்கொண்டே, வாசித்த ஒவ்வோர் எண்ணின் இடத்திலும் அந்த எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள சராசரியை எழுதிவை. இவ்வளவுதான் நிரல், பத்து வரிகள்கூட வராது. 200 எண்கள் நொடிக்கு 220 முறை சுற்றிவருவதால் ஏறக்குறைய 220 ஹெர்ட்ஸில் சுருதி நிற்கும். சராசரி எடுப்பதால் வேகமான அலைவுகள் முதலில் அழிந்து, மெதுவானவை பின்வரை நிலைக்கும். மீட்டிய கம்பியிலும் உயர்ந்த மேற்சுரங்கள்தாம் முதலில் அடங்குகின்றன. முதல் முறை இதை ஓட்டுவதற்கு முன் “கரகரப்பான இரைச்சல்” என்று குறித்துவைத்தேன். ஒரு கம்பி அதிர்ந்து அடங்கியது. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன் என்பது இன்னும் நினைவிருக்கிறது.

உன் தாய் என்பதால் இதையும் எழுதியாக வேண்டும். எதிரொலி செய்யும்போது ஃபீட்பேக் அளவு, அதாவது வெளிவந்த ஒலியில் எவ்வளவு மறுபடி உள்ளே போகிறது என்பது, 0.5 என்றால் ஒவ்வொரு எதிரொலியும் பாதியாகும், தவறுதலாக 1.05 என்று எழுதிவிட்டால் ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பெரிதாகிக்கொண்டே போகும், சில நொடிகளில் காதைத் தாக்கும். புதிய நிரலை முதலில் ஓட்டும்போது ஹெட்போனைக் கழற்றிவிடு, ஒலியளவைக் குறைத்துவை, ஒலி ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் ஒன்றைக் கடைசியில் சேர்த்துக்கொள். கோப்புகளை மறுபடி எழுதிக்கொள்ளலாம், செவியை முடியாது.

கம்பி நிரலை இந்த வாரமே எழுதிவிடு. அது சரியாக ஒலித்ததும் 200ஐ 50 ஆக்கு, பிறகு 2,000 ஆக்கு. 50இல் சுருதி ஏறும் என்பது உனக்கே தெரிந்திருக்கும், ஆனால் அது மட்டும்தானா மாறுகிறது என்று கவனி. 2,000இல் என்ன வரும் என்பதை நான் சொல்லப்போவதில்லை. ஒலிக்கோப்புடன் குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தையும் படமெடுத்து அனுப்பு. கணித்த வரியை அடித்துத் திருத்தாமல் அப்படியே அனுப்பு.

அன்புடன்,
அம்மா