ஊருக்குப் பொதுவாகத் தொப்புள் ஏது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஆஸ்திரேலியக் கிரிக்கெட் பற்றி வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். 2018 மார்ச்சில் கேப் டவுன் டெஸ்டில் உப்புத்தாளால் பந்தைத் தேய்த்து மாட்டிக்கொண்டது, ஸ்மித்துக்கும் வார்னருக்கும் ஓராண்டு, பான்கிராஃப்டுக்கு ஒன்பது மாதம் தடை விழுந்தது எல்லாம் விறுவிறுப்பு. ஆனால் கடைசிப் பத்தியில் கட்டுரையாளர், அதற்குப் பிறகு ஆஸ்திரேலியாவில் நடந்ததை ‘கலெக்டிவ் நேவல் கேஸிங்’ (கூட்டாகத் தொப்புளை உற்றுப் பார்த்தல்) என்று மெச்சிவிட்டு, ‘நாமும் ஒருமுறை நம் தொப்புளை உற்றுப் பார்க்க வேண்டும்’ என்று முடித்திருந்தார். எனக்குக் காபி புரையேறிவிட்டது.

ஐயா, அது பாராட்டு இல்லை, வசவு. வேலை தலைக்கு மேல் கிடக்கும்போது தன்னைப் பற்றியே யோசித்து, தன்னைப் பற்றியே பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனை ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள். பத்திரிகைக்காரர்கள் கூடிப் பத்திரிகைத் தொழிலைப் பற்றியே மூன்று நாள் கருத்தரங்கு நடத்தினால் அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். (கோபித்துக்கொள்ளாதீர்கள்.) ‘கலெக்டிவ்’ சேர்ந்தால் நக்கல் இன்னும் ஏறும். தொப்புள் ஆளுக்கு ஒன்று. ஊருக்குப் பொதுவாக ஏது?

இந்தக் கிண்டல் ரொம்பப் பழையது. 14ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தின் ஆதோஸ் மலைத் துறவிகள், தாடை மார்பில் படக் குனிந்து உட்கார்ந்து, மூச்சை நிதானப்படுத்தி இயேசுவின் பெயரை ஜெபிப்பார்கள். தெற்கு இத்தாலியிலிருந்து வந்த பர்லாம் என்ற அறிஞர், ‘ஆன்மாவைத் தொப்புளில் வைத்திருப்பவர்கள்’ என்று அவர்களைக் கேலி செய்தார். துறவிகளுக்காக வாதாடியவர் கிரிகோரி பாலமாஸ். 1341இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சபையில் பர்லாம் தோற்றார். ஆனாலும் தொப்புளைப் பார்ப்பவர் என்ற கேலி மட்டும் போகவில்லை.

கட்டுரையாளர் எங்கே சறுக்கினார் என்று புரிகிறது. நமக்குத் தொப்புள் என்றாலே தொப்புள்கொடி உறவு. கடல் கடந்த சொந்தங்களைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் அந்தச் சொல்லைச் சொன்னதும் கைதட்டல் எழும். அதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது வசவாகத் தோன்றாததில் வியப்பில்லை.

ஆஸ்திரேலியாவில் நடந்ததற்குச் சரியான சொல் ‘சோல் சர்ச்சிங்’. நம் பத்திரிகைகள் தேர்தலுக்குத் தேர்தல் எழுதும் அதே சுயபரிசோதனைதான். கிரிக்கெட் வாரியம் வெளி அமைப்பு ஒன்றை வைத்து விசாரித்தது. அக்டோபரில் வந்த அறிக்கை மூன்று ஆட்டக்காரர்களோடு நிற்காமல் வாரியத்தின் போக்கையே குறை சொன்னது. நவம்பர் 1ஆம் தேதி வாரியத் தலைவர் டேவிட் பீவர் பதவி விலகினார். ஏசி அறையில் கூடி, டீ குடித்து, குரூப் போட்டோ எடுத்துக் கலைந்திருந்தால் ‘நேவல் கேஸிங்’ என்று தாராளமாக எழுதலாம்.

என் பங்குக்கும் ஒரு பாவம் உண்டு. அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு கல்லூரி ஆண்டு மலரின் ஆங்கிலப் பகுதியில் இதே சொல் வந்தது. ஆண்டு மலரில் தொப்புளா என்று கூசி, கடைசியில் இருந்த ‘ஈ-எல்’லை ‘ஏ-எல்’ ஆக்கினேன். நாபிக்கு உறவான சொல் கப்பற்படைச் சொல்லாகிவிட்டது. மாணவர்கள் கடற்படையை உற்றுப் பார்ப்பதாக ஐந்நூறு பிரதி அச்சாகி, விழா மேடையில் வெளியிடவும் பட்டது. எழுதிய பேராசிரியர் அதன் பிறகு என்னோடு பேசவில்லை.

அந்தக் கட்டுரைத் தொடர் நூலாக வரப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் அந்த ஓர் இடத்தில் மட்டும் ‘சுயபரிசோதனை’ என்று போட்டுவிடுங்கள். இல்லை, ஆங்கிலச் சொல்தான் வேண்டும் என்று கட்டுரையாளர் பிடிவாதம் பிடித்தால், ‘சோல் சர்ச்சிங்’ என்று போடுங்கள். அதில் எழுத்துப்பிழைக்கும் வழியில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புரூஃப் ரீடர் ஒருவர்,
கும்பகோணம்.