கரமடி வள்ளம் சீரமைப்பும் பிற பணிகளும்: 2025–26 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வழக்கமான காரியங்களை முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன். வாசகசாலை தடையின்றி நடந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான மாலை வகுப்பு, கணக்குச் சொல்லித்தர ஆள் கிடைக்காமல் பாதியாண்டு தள்ளாடி, தை மாதத்துக்குப் பிறகுதான் ஒழுங்குக்கு வந்தது. கண் பரிசோதனை முகாம் ஒன்று வைத்தோம். கைப்பந்துப் போட்டி மழையில் போனது. மற்றபடி இந்த ஆண்டு சங்கத்தின் நேரம், பணம், சண்டை எல்லாமே கரைவலை விடும் நம் பழைய கரமடி வள்ளத்துக்குத்தான் போயின. அறிக்கையும் அப்படியே இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

இளைய உறுப்பினர்களில் பலர் கரமடி இழுத்துப் பார்த்ததில்லை. வள்ளம் வலையின் ஒரு கயிற்றைக் கரையில் விட்டுவிட்டு, அலையைக் கடந்து போய், வலையை அரைவட்டமாக விட்டுத் திரும்பும். கரையில் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். குளச்சலுக்கும் முட்டத்துக்கும் இடைப்பட்ட நம் கரையில் துறைமுகம் கிடையாது. போகும்போதும் வரும்போதும் வள்ளம் அலையில் அடிபட்டு, மணலில் மோதித்தான் ஆக வேண்டும். அதனால்தான் நம் முன்னோர் இரும்பாணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்தார்கள். மோதும்போது தையல் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், பலகை பிளக்காது. 14-ஆம் நூற்றாண்டில் இந்தக் கடல்வழியே போன இபன் பதூதாவும் இதையேதான் எழுதி வைத்தார்: ஆணி அடித்த கப்பல் பாறையில் மோதினால் உடையும், கயிற்றால் தைத்தது தாங்கும்.

1980-களில் முட்டத்தில் ஒட்டுப்பலகை (பிளைவுட்) வள்ளங்கள் கட்டத் தொடங்கியதும், வெளிப்பொருத்து எஞ்சின் வந்ததும், 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் வள்ளங்கள் குவிந்ததும் எல்லோரும் அறிந்த கதை. அதில் தையல் வள்ளம் ஒவ்வொன்றாக விறகாகிப் போயிற்று. நம்மிடம் மிஞ்சிய இந்த ஒன்று தென்னந்தோப்பில் கவிழ்ந்து கிடந்ததால் தப்பியது. வயது எவ்வளவு என்பதற்குக் கடுதாசி எதுவும் இல்லை. நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956-க்கு முன்பே இது கடலில் ஓடியது என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள். அடிமரம் ஒரே அயனித் (ஆஞ்சிலி) தடியில் குடைந்தது. அதன் மேல் இரண்டு பக்கமும் அயனிப் பலகை. கேரளத்துப் போட்டி வள்ளங்களுக்கும் இதே மரம்தான்.

சீரமைப்பு யோசனை மே மாதச் செயற்குழுவில் வந்தது. அந்த மாதம்தான் கார்வாரில் கடற்படை, தையல் முறையில் கட்டிய கவுண்டின்யா பாய்க்கப்பலைச் சேர்த்துக்கொண்டதாகச் செய்தி. அஜந்தா ஓவியத்தைப் பார்த்து வடிவமைத்து, கேரளத்துத் தச்சர்கள் தைத்தது. கடற்படையே தைக்கிறது, நாம் தோப்பில் கறையானுக்குப் போட்டு வைத்திருக்கிறோமே என்று ஓர் உறுப்பினர் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல்தான் தீர்மானம் நிறைவேறியது என்று சொன்னால் மிகையில்லை.

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கை ஓய்ந்த உறுப்பினர்கள் அந்த நாட்களில் வந்து உழைத்தார்கள். ஓலைப்பந்தல் போட்டு, வள்ளத்தைச் சரிவாகத் தாங்கலில் ஏற்றினோம். முதல் வேலை சுரண்டல். யாரோ ஒரு காலத்தில் அடியில் கீல் (தார்) பூசியிருக்கிறார்கள், அதன் மேல் பெயின்ட், முன்முனையான அணியத்தின் வெடிப்பில் சிமென்ட். எல்லாவற்றுக்கும் மேலே தகரத் துண்டு வைத்து இரும்பாணி. அந்த ஆணி துருப்பிடித்த இடங்களில்தான் பலகை கறுத்து உளுத்துப் போயிருந்தது. ஆணி தொடாத இடத்தில் அயனி இன்னும் இறுகிக் கிடந்தது. வள்ளத்துக்கு நல்லது செய்வதாக நினைத்துச் செய்த வேலைதான் அதிகம் கெடுத்திருக்கிறது. இதை நான் சும்மா சொல்லவில்லை, அடுத்த பத்தியில் வரும் சண்டைக்கு இதுவே காரணம்.

ஃபைபர் பட்டறை வைத்திருக்கும் நம் ஊர் அன்பர் ஒருவர், வள்ளம் முழுவதையும் உள்ளும் வெளியும் ஃபைபர் போர்த்தி இலவசமாகத் தருவதாக முன்வந்தார். செயற்குழுவில் பாதிப்பேர் சரி என்றார்கள். பணம் மிச்சம், வேலை மிச்சம், பத்து வருடத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம். மறுத்தவர்களில் நானும் ஒருவன். மரம் ஈரத்தை இழுத்து விடும் பொருள். போர்வைக்குள் ஈரம் சிக்கினால் உளுப்பது வெளியே தெரியாது. கயிறு நைந்தாலும் மாற்ற வழியில்லை. அன்பரின் நல்ல மனதுக்கு இங்கே நன்றி சொல்கிறேன்; அவர் பட்டறை தந்த பந்தல் தாங்கலும் மின்விளக்கும் இல்லாமல் ஆடி மழையில் வேலை நடந்திருக்காது. அப்புறம் நைலான் கயிறு யோசனை வந்தது. அதையும் விட்டோம். கதம்பல் நார்க் கயிறு, அதாவது தேங்காய் நார்க் கயிறு, நனைந்தால் உப்பித் துளையை அடைக்கும். நைலான் உப்பாது, துளையின் விளிம்பை அறுக்கவும் செய்யும்.

தையல் தெரிந்தவர்கள் நம் ஊரில் இரண்டு பெரியவர்கள்தான் இருக்கிறார்கள். இருவருக்கும் எண்பதை ஒட்டிய வயது. அவர்கள் உட்கார்ந்து சொல்ல, இளைஞர்கள் செய்தார்கள். பழைய தையலை ஒரேயடியாக அறுத்துவிடக் கூடாது என்பது முதல் பாடம். பலகைகள் அத்தனை வருடம் வளைவில் இருந்தவை, விட்டால் விரிந்துவிடும். உள்ளே குறுக்குக் கழி கொடுத்து, வெளியே வடம் சுற்றி இறுக்கிய பிறகு, ஒவ்வொரு பலகையிலும் சுண்ணாம்புக் கட்டியால் அடையாளம் போட்டு, ஒரு வரிசையாகப் பிரித்தோம். உளுத்த பலகைக்குப் பதில் புதிய அயனிப் பலகை கல்குளம் பக்கத்து மர அறுவை மில்லில் வாங்கினோம். அதை வளைக்க நீர் தெளித்து, அடியில் மட்டை எரித்து, நுனியில் கல் கட்டித் தொங்கவிட்டு, ஆசாரி பொறுமையாக இறக்கினார். முதல் பலகை வெடித்தது. தீ கூடிப்போனதாக ஆசாரியும், பலகை காய்ந்ததாக மில்காரரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

கயிறு ஈத்தாமொழிப் பக்கத்திலிருந்து வந்தது. எந்திரத்தில் திரித்தது வேண்டாம், பிரி தளர்வாக இருக்கிறது என்று பெரியவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைசியில் நம் மகளிர் குழுவில் இரண்டு அம்மாமார் ஊறிய கதம்பல் நாரைக் கையால் திரித்துத் தந்தார்கள். இந்தச் சங்க அறிக்கையில் மகளிர் குழு பெயர் டீ, பலகாரத்துக்கு மட்டுமே வரும் என்று ஒரு குறை இருந்தது. இந்தமுறை வள்ளத்தைச் சேர்த்துக் கட்டியிருப்பதே அவர்கள் கயிறுதான்.

தைப்பதற்கு ஆள் சோடியாக வேண்டும், உள்ளே ஒருவர், வெளியே ஒருவர். பலகைகள் சேரும் கோட்டின் மேல் உள்பக்கமாக நாரைத் திரணையாக வைத்து, அதன்மேல் கயிறு குறுக்கும் மறுக்குமாகப் போகும். வெளிப்பக்கம் கயிறு பள்ளத்துக்குள் படிய வேண்டும், இல்லையென்றால் மணலில் உரசி அறும். ஒவ்வோர் இழுப்புக்கும் கழியால் முறுக்கி இறுக்கி, அவிழாமல் துளையில் ஆப்பு வைத்துக்கொண்டு அடுத்ததுக்குப் போக வேண்டும். "ஆப்ப எடுக்கதுக்கு முன்ன அடுத்த இழுப்ப பாரு மக்கா" என்று பெரியவர் சொல்லிக்கொண்டே இருந்தது இப்போது இளைஞர்களிடையே கேலி வசனமாகிவிட்டது. கடைசியில் துளைகளை நாரும் எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியமும் வைத்து அடைத்தோம். மேலே அண்டித்தோட்டு (முந்திரிக்கொட்டைத் தோட்டு) எண்ணெயும் மீனெண்ணெயும். அண்டித்தோட்டு எண்ணெய் தோலைப் பொள்ளிவிடும் என்று எச்சரித்தும், கையுறை போடாமல் பூசிய இருவர் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது. மருந்துச் செலவைச் சங்கம் ஏற்றது.

கடல் தணிந்த தை மாதத்தில் வள்ளத்தை இறக்கினோம். இறக்கியதும் தண்ணீர் ஏறியது. கூடி நின்றவர்களில் சிலர் சிரித்தார்கள், படம் பிடித்தும் போட்டார்கள். காய்ந்த மரமும் புதுக் கயிறும் ஊறி உப்ப அவகாசம் வேண்டும் என்று பெரியவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். கரையோரம் கட்டிப்போட்டு ஊறவிட்டோம். மறுநாள் இறைத்துவிட்டு ஏறியபோது தையலில் கசிவு பெரிதாக இல்லை; பின்முனையான அமரத்தின் அடியில் மட்டும் ஓரிடம் மீண்டும் அடைக்க வேண்டியதாயிற்று. அதன்பின் தண்டு வலித்து அலையைக் கடந்து திரும்பினார்கள். ஒருமுறை கரமடியும் விட்டார்கள். கிடைத்தது கொஞ்சம் சாளையும் நெத்திலியும். ஏலம் போடாமல் தைத்தவர்களுக்கே பங்கு வைத்தோம்.

இனி பொதுக்குழு முடிவெடுக்க வேண்டியவை. வள்ளத்தைக் கண்ணாடி அறையில் காட்சிக்கு வைக்கலாம் என்று சிலர் மனு கொடுத்திருக்கிறார்கள். என் கருத்து வேறு. தண்ணீர் காணாத தையல் வள்ளம் மீண்டும் வெடிக்கும். ஆண்டுதோறும் சில நாட்களாவது கடலில் இறங்க வேண்டும், ஆண்டுதோறும் எண்ணெய் பூச வேண்டும், நைந்த கயிற்றை மாற்ற வேண்டும். ஆகவே இதை ஒருமுறைச் செலவாகக் காட்டாமல், வரவு செலவுத் திட்டத்தில் நிரந்தரத் தலைப்பாகச் சேர்க்கக் கோருகிறேன். இரண்டாவது, பெரியவர்கள் இருவரிடமும் தைக்கக் கற்ற இளைஞர்களுக்கு அடுத்த தடைக்காலத்தில் ஒரு சிறு மாதிரி வள்ளத்தைத் தொடக்கம் முதல் தாங்களே தைக்கும் வேலை தரலாம். அதற்கான பலகை மிச்சம் இருக்கிறது. மூன்றாவது, ஓலைப்பந்தலுக்குப் பதில் ஓடு வேய்ந்த கொட்டகை. இதற்கு இடம் யார் தருவது என்பதில் இன்னும் தகராறு தீரவில்லை. தலைவர் அவர்கள் இன்றே பேசி முடித்துத் தர வேண்டும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் இப்போது வாசிப்பார். வள்ளத்துக்கான ரசீதுகள் தனிக் கோப்பில் மேசைமேல் உள்ளன, பார்க்க விரும்புவோர் பார்க்கலாம்.

செயலாளர்